இரண்டாவது சட்டி

“ஒரு சட்டி போதும். ரெண்டாவது சட்டி மலை ஏறாது!”

சுகிர்தன் தீர்ப்புச் சொல்லிவிட்டான். வெள்ளவத்தையில் அவனுடைய மாடிவீட்டுக் கூடம் அன்று சைக்கிள் கடையாக மாறியிருந்தது. ஆகஸ்ட் மாதம் அவிசாவளை, கித்துல்கல, ஹட்டன், நுவரெலியா என்று ஏறி, எல்லவில் முடிப்பதாகத் திட்டம். கூடாரம், அடுப்பு, அரிசி, டின்மீன் எல்லாவற்றையும் கரியரின் இருபுறமும் கட்டிக்கொண்டு மூன்று நண்பர்கள் மிதிக்கப் போகிறார்கள்.

திட்டம் முழுவதும் சுகிர்தனுடையது. அலுவலக லீவு, பள்ளிக்கூட விடுமுறை, மலைநாட்டு மழை எல்லாம் பார்த்து நாள் குறித்தவன் அவன்தான். பயணப் பைகளை நிறுக்கும் கொளுக்கித் தராசும் அவன் கையில்தான் இருந்தது. ஆளுக்குப் பன்னிரண்டு கிலோ. அதற்குமேல் ஒரு சீப்புக்கும் இடமில்லை.

“என்ர ஷேவிங் கிரீமை எடுத்து எறிஞ்சுபோட்டான், பாவி,” என்று முறையிட்டான் கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கனான பிரியந்தன். “எல்லயில வெள்ளைக்காரர் என்னைக் கரடி எண்டு படமெடுக்கப் போகினம்.”

“கரடி மலை ஏறும். நீ ஏறுவியோ எண்டுதான் எனக்குச் சந்தேகம்.”

சிரிப்பு அடங்குமுன் மூன்றாமவன் ரிஷாத்தின் பை தராசில் ஏறியது. முள் பதின்மூன்றைத் தொட்டது. உள்ளே, பளபளவென்று ஒரு புது அலுமினியச் சட்டி.

“மூண்டு பேருக்கும் ஒரு சட்டி எண்டு அண்டைக்கே முடிவெடுத்தனாங்கள்தானே?”

“நான்தானே மச்சான் மிதிக்கிறன். எனக்குப் பாரமில்ல.”

“கினிகத்தேனை ஏற்றத்தில தெரியும் பாரம்! ஏன் இந்தப் பிடிவாதம்?”

ரிஷாத் சிரித்தான். “ஏன் எண்டு ஒனக்குத் தெரியாதா?”

சுகிர்தனுக்குச் சுருக்கென்றது. தெரியாமல் என்ன? பள்ளிக்கூட நாள் முதல் ஒன்றாகத் திரிந்தவர்கள். ரிஷாத் வீட்டு நோன்புக் கஞ்சியை ஆண்டு தவறாமல் குடிக்கிறவன் அவன். அப்படியிருந்தும், மலைப்பாதையில் நண்பர்கள் கையால் சமைக்கும் சட்டியில் இவன் சாப்பிட மாட்டானாம். தனிச் சட்டி கட்டுகிறானாம்!

ரிஷாத் பைக்குள் கைவிட்டு, நாடா கட்டிய துணிச்சுருள் ஒன்றை எடுத்து நாற்காலியில் வைத்தான்.

“இப்ப நிறு.”

முள் பன்னிரண்டில் நின்றது. சுகிர்தனின் மனம் நிற்கவில்லை.

“பிரச்சினை எடையில்லை, ரிஷாத்.”

“அப்ப என்ன?”

“எங்கட சட்டியில சாப்பிட்டால் உன்ர மார்க்கம் குறைஞ்சு போயிடுமோ? கூடப் படிச்சவனோடயும் தீட்டுப் பாக்கிறியோ?”

“டேய், விடடா,” என்று இடையில் புகுந்தான் பிரியந்தன்.

ரிஷாத் சட்டியை வெளியே எடுத்து மேசையில் வைத்தான்.

“நான் வரல்ல மச்சான். நீங்க ரெண்டு பேரும் போங்க. சட்டி மட்டும் இங்க ஈக்கட்டும். நான் இல்லாட்டியும் ஒனக்கு அது வேணும்.”

“எனக்கென்னத்துக்கு?”

ரிஷாத் அதற்குள் வாசலைத் தாண்டிவிட்டான். வெளியே லிஃப்ட் கதவு மூடும் சத்தம் கேட்டது.

“ஓடிப்போய்க் கூப்பிடடா,” என்றான் பிரியந்தன். “அவன் இல்லாமல் என்ன பயணம்?”

“போகட்டும். மலையில ஏறினாப் பிறகு ஆளின்ர மனம் தெரியிறதைவிட, இஞ்சையே தெரிஞ்சது நல்லது.”

தராசு பிடிக்கிறவனுக்கு ஒரு நோய் உண்டு. பிறர் தூக்கும் பாரமெல்லாம் அவரவர் சொந்தப் பாரம் என்றே அவனுக்குத் தோன்றும்.

தேநீருடன் சமையலறையிலிருந்து வந்த சுகிர்தனின் மனைவி சுபோதினி, தரையில் அடுக்கியிருந்த டின்மீன்களைக் கண்டதும் நின்றாள்.

“மச்சம் ஆருக்கப்பா?”

“ஆருக்கோ? எங்களுக்குத்தான்.”

“உங்களுக்குமோ? நீங்கள் வெளிக்கிடுறது நல்லூர்க் கந்தனுக்குக் கொடி ஏறி நாலாம் நாள். திருவிழா முடியுமட்டும் இந்த வீட்டில மச்சச் சட்டி அடுப்பில ஏறினதுண்டோ? சைவம் எண்டு நிக்கிற மனிசன், மீன் காய்ச்சின சட்டியிலயோ சோறு தின்னப் போறியள்?”

சுகிர்தன் திகைத்துப் போனான். லீவைப் பார்த்தவன், மழையைப் பார்த்தவன், கொடியேற்றத்தைப் பார்க்கவில்லை.

“நான்... மறந்துபோனன், சுபோ.”

“ரிஷாத் மறக்கேல்லையே! முந்தநாள் போன் எடுத்து, எண்டைக்குக் கொடி ஏறுது எண்டு என்னட்டைக் கேட்டவர். ‘அந்த நாளையில அவன் எங்கட வீட்டுப் புரியாணியையே தொடமாட்டான் தங்கச்சி. மச்சம் படாத புதுச் சட்டி ஒண்டு நான் கொண்டு போறன்’ எண்டவர். உங்களுக்குத் தெரியும் எண்டெல்லோ நான் நினைச்சன்.”

பிரியந்தன் மேசையிலிருந்த சட்டியின் மூடியைத் திறந்தான். உள்ளே பருப்பும், சோயாமீற்றும், கடைச் சீட்டுக் கழற்றாத ஓர் அகப்பையும் இருந்தன.

சுகிர்தன் வாசலுக்கு ஓடினான். செருப்பில் கால் நுழையவில்லை. வெறுங்காலோடு போக நினைத்தான். அப்போதுதான் நாற்காலியில் கிடந்த துணிச்சுருள் கண்ணில் பட்டது. அதையும் கொண்டுபோய்க் கொடுக்கலாமென்று அள்ளி எடுத்தான். நாடா அவிழ்ந்து, சுருள் அவன் கைகளில் விரிந்தது.

சுகிர்தனின் சைவச் சட்டிக்கு இடம் விட்டுப் பையிலிருந்து இறங்கியிருந்தது, ரிஷாத்தின் தொழுகை விரிப்பு.