மாலை போட்ட முகம்

அமெரிக்காவில் நான் வேலை பார்க்கும் லாண்டரியில் என்னோடு துணி மடிக்கும் மெக்சிகோ பெண்களை எதிர்ச்சுவரில் ஆளுயரத்துக்கு வரைந்திருந்தார்கள். கடைசியில் நின்றவள் நான், என் எட்டுக்கல் மூக்குத்தியோடு. மன்னார்குடிக்காரிக்கு அங்கே என்ன வேலை என்று புரியவில்லை, ஆனாலும் பிடித்திருந்தது. சுவரோவியத்தின் திறப்புவிழா முடிந்த மறுநாள் என் படத்தில் மட்டும் சாமந்தி மாலை தொங்கியது.

"உயிரோட இருக்கறவளுக்கு மாலையா? எடுக்கச் சொல்லிட்டு வா," என்று கணவர் கத்தினார்.

போனேன். மாலையைச் சரிசெய்துகொண்டிருந்தவள் என்கூட வேலை செய்யும் யெசேனியா.

"எங்கக்கா. எல்லை தாண்டி வரும்போது பாலைவனத்துல செத்துப்போனா," என்றாள். "போட்டோ ஒண்ணுகூட இல்ல. அப்படியே உன் ஜாடை. உன்னை வச்சுத்தான் வரையச் சொன்னேன்."

வீட்டில் கணவர், "எடுத்தாச்சா?" என்றார்.

"அது நான் இல்லீங்க," என்றேன். விரல் தானாகப் போய் மூக்குத்தியைத் தொட்டுப் பார்த்தது.