கடலுக்கு முதல் வீடு

ஆறு வருடங்களாக ஒவ்வொரு கிராமசபையிலும் ரெஜினாள் எழுந்து ஒரே மனுவைத்தான் வாசித்தாள். கடல்மட்டம் ஏறி வருகிறது, கரையைக் காக்கக் கல் போட்டுத் தூண்டில் வளைவு கட்ட ஊராட்சி தீர்மானம் போட வேண்டும். அடியில் கடலை ஒட்டிய முதல் தெருப் பெண்களின் கையெழுத்துகள் இருக்கும். பரிசீலிப்பதாகச் சொல்லி வாங்கி வைப்பார்கள். இந்த ஆனியில் ஒரே பகலில் அந்தத் தெருவின் பதினோரு வீடுகளும் கடலுக்குள் போயின. ரெஜினாளையும் மற்றவர்களையும் அடுத்த ஊராட்சியின் பள்ளிக்கூடத்தில் தங்க வைத்தார்கள்.

ஆகஸ்ட் கிராமசபைக்கு அவள் பஸ் பிடித்து வந்தாள். பேச எழுந்ததும் ஊராட்சிச் செயலர் பதிவேட்டைப் புரட்டினார்.

"ஒங்க வீட்டு நம்பரு இப்ப இல்லியேம்மா. இங்க குடியிருக்கவங்கதான் பேசலாம்."

"வீடு எங்க போச்சுன்னு ஒங்களுக்குத் தெரியாதா சார்?"

"தெரியும். விதி அப்படி இருக்கு, நான் என்ன செய்ய?"

ரெஜினாள் உட்காரவில்லை. இரண்டாவது தெரு பிலோமி எழுந்து வந்து அவள் கையிலிருந்த தாளை வாங்கினாள். இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட அதில் கையெழுத்துப் போடாதவள். இப்போது கடலுக்கு முதல் வீடு அவளுடையது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து வாசிக்க ஆரம்பித்தாள்.