சிவப்புக் கோடும் நீலக் கோடும்

திரையில் சிவப்புக் கோடும் நீலக் கோடும் நகமும் சதையுமாக ஒட்டிக்கொண்டு போயின.

சிவப்பு, விஞ்ஞானியின் கணினி மாடல் சொன்ன ஆக்சிஜன். நீலம், விரிகுடாத் தண்ணீரில் அளந்து பார்த்த ஆக்சிஜன். பதினெட்டு மாதங்களாக இரண்டுக்கும் ஒரு சின்ன மனஸ்தாபம்கூட இல்லை.

நிபுணர் குழுவின் ஐந்து பேரும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்கள். அது போதாதென்று குழுத் தலைவர் எழுந்து போய்த் திரையையே தொட்டுப் பார்த்தார்.

படம் பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதற்காக, கடல் தெரியும் ஜன்னலைத் திரைச்சீலையால் மூடியிருந்தார்கள்.

விஞ்ஞானிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. சும்மாவா? ஆறு கொண்டுவந்து கொட்டும் உரச்சத்து எங்கே போகிறது, அதைத் தின்று பாசி எவ்வளவு கொழுக்கிறது, கொழுத்த பாசி செத்து அடியில் போய் அழுகும்போது தண்ணீரிலிருந்து எவ்வளவு ஆக்சிஜனை உறிஞ்சுகிறது என்று எல்லாவற்றையும் நாற்பத்தோரு சமன்பாட்டுக்குள் அடைத்துவிட்டார். மாதம் பிறப்பதற்கு முன்பே அந்த மாதத்துக் கடலைச் சொல்லிவிடுவார். ஜோசியக்காரன்கூட இவ்வளவு துணிய மாட்டான்.

கடலைக் கரைத்துக் குடித்தவர் என்று அலுவலகத்தில் பெயர். ஆனால் கால் நனைத்ததில்லை. படகில் ஏறினால் அவருக்குக் குமட்டும்.

முன்பெல்லாம் அந்த இரண்டு கோடுகளும் கீரியும் பாம்புமாகத்தான் இருந்தன. ஒன்றரை வருடத்துக்கு முன் ஒருநாள் பாசிச் சமன்பாட்டில் ஒரே ஓர் எண்ணைத் திருத்தினார். மறுவாரமே சமாதானம். அந்த ஓர் எண்ணுக்காகவே அவருக்குப் பதவி உயர்வு வந்தது.

இன்றைக்குக் குழு கையெழுத்துப் போட்டுவிட்டால், மீன் வளர்க்கும் கூண்டுகளை விரிகுடா முழுக்க இறக்கலாம். சோதனைக்காக முதல் கூண்டு ஏற்கெனவே இறங்கியாயிற்று. அது அவருடைய மனைவியின் அண்ணனுடையது.

மச்சான் இருபது வருடம் லாரி ஓட்டியவர். கூண்டு போடும்முன் ஒரே கேள்விதான் கேட்டார், தண்ணீரில் ஆக்சிஜன் நிற்குமா என்று. “என் மேல நம்பிக்கை இல்லையா மச்சான்?” என்றார் விஞ்ஞானி. இருந்தது. லாரியை விற்றுவிட்டார்.

குழுத் தலைவருக்கு ஒரு சந்தேகம். நீலக் கோடு அங்கங்கே நூலிழை அளவு ஏறி இறங்குகிறதே?

“அது இயற்கை சார். கொஞ்சமாவது அடம் பிடிக்கணும் இல்லையா?”

எல்லோரும் சிரித்தார்கள். இயற்கையின் குறும்பைப் பெரிய மனதோடு மன்னித்துவிட்டு, கையெழுத்துப் போடப் பேனாவைத் தேடினார்கள்.

டீ வந்தது. கூடவே மச்சானின் போனும் வந்தது.

“மாப்பிள்ளை, அதிசயத்தைக் கேளுங்க! காலையிலேர்ந்து மீனெல்லாம் மேலயே வந்து நிக்குது. என்னைப் பாத்து வாயைத் தொறந்து தொறந்து மூடுது. அப்படி ஒரு பாசம்!”

மூச்சு முட்டும் மீன்தான் அப்படி மேலே வந்து வாய் திறக்கும். விஞ்ஞானி கல்லூரியில் முதல் வருடமே படித்த பாடம்.

திரும்பித் திரையைப் பார்த்தார். மீன் நிம்மதியாக மூச்சு விட லிட்டருக்கு நான்கு மில்லிகிராம் ஆக்சிஜன் இருந்தால் போதும். சிவப்பு ஆறு என்றது. நேற்று அளந்த நீலமும் ஆறு என்றது. இரண்டு சாட்சிகள் ஒரே குரலில் சொல்லும்போது மீனின் பேச்சை யார் கேட்பார்கள்?

“பசிதான் மச்சான். தீவனத்தை நல்லா அள்ளிப் போடுங்க.”

போனை வைத்தபோது பக்கத்தில் லேப் அக்கா நின்றிருந்தார். வாராவாரம் தண்ணீரை அளந்து நீலக் கோட்டுக்கு எண்கள் தருபவர் அவர்தான். மழையோ காற்றோ, ஒரு வாரம் தவறியதில்லை. குழுவின் முன்னால் இந்த அம்மாவைப் பற்றி நாலு வார்த்தை நல்லதாகச் சொல்ல வேண்டும் என்று விஞ்ஞானியே நினைத்திருந்தார்.

அக்கா குரலைத் தாழ்த்தினார்.

“சார், அடுத்த மாசத்து ரிசல்ட்டைக் கொஞ்சம் சீக்கிரம் குடுத்துடுங்க. போன தடவை நீங்க லேட்டா குடுத்தீங்க, எனக்கு அளவெடுக்கறது லேட்டாயிடுச்சு.”

விஞ்ஞானிக்கு விளங்கவில்லை. தன்னுடைய ரிசல்ட் இவருக்கு எதற்கு என்று கேட்டார்.

“அதைப் பாத்துத்தானே சார் எழுதறேன்? மீட்டர் கெட்டுப்போய் ஒன்றரை வருஷம் ஆகுது. கட்டத்தைக் காலியா விட்டா மேலேர்ந்து ஆயிரம் கேள்வி. உங்களோடதை அப்படியே போட்டா நல்லா இருக்காதுன்னு அங்கங்க கொஞ்சம் கூட்டிக் கொறச்சுப் போடறேன்.”

சொல்லிவிட்டு அக்கா, நல்ல காரியம் செய்த நிம்மதியோடு ஒரு டீயை எடுத்துக்கொண்டார்.

மீன் தின்னாத தீவனமும் செத்த பாசி மாதிரியே அடியில் அழுகி ஆக்சிஜனை உறிஞ்சும் என்று விஞ்ஞானிக்கு உறைத்தது. மச்சானின் எண்ணை அழுத்தினார். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

பின்னால் யாரோ கை தட்டினார்கள். ஐந்தாவது கையெழுத்தும் விழுந்துவிட்டது.

மறுபடி அழுத்தினார். மச்சான் எடுக்கவில்லை. இரண்டு கையாலும் தீவனத்தை அள்ளிக் கொட்டிக்கொண்டிருப்பார்.