டிக்கெட் செருகிய பக்கம்

"இந்தப் புத்தகத்தை மூட்டை கட்டிடலாம்னு பார்க்கிறேன்," என்றார் பல் டாக்டர், பஸ் டிக்கெட் செருகியிருந்த பக்கத்தைத் திறந்தபடி.

கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது அவருக்கு. கதையில் நேற்று ரயிலுக்குக் காத்திருந்தவன் இன்று கோர்ட்டில் நிற்கிறான்.

"எங்க அண்ணன் ஆசையா கொடுத்ததுங்க. ஞாயித்துக்கிழமை வந்ததும், 'கதை எப்படி மாப்பிள்ளை?'ன்னுதான் முதல்ல கேட்பார்," என்றாள் மனைவி.

"ஒரே அறுவைடி! ஆளாளுக்கு உட்கார்ந்து பேசிக்கிட்டே இருக்காங்க. நடுநடுவுல யாராவது காணாமப் போயிடறாங்க."

"எனக்கும்தான் ஒண்ணும் பிடிபடலை."

"நீ எப்போ படிச்சே?"

"தினமும் மத்தியானம், நீங்க கிளினிக் போனப்புறம். டிக்கெட் இருக்கிற இடத்துல ஆரம்பிப்பேன். முடிச்ச இடத்துல திரும்ப வச்சிடுவேன்."

"அடிப்பாவி, அது நான் வச்ச டிக்கெட்டாச்சே! ராத்திரி நானும் அங்கேயிருந்துதானே படிக்கிறேன்!"

ஊரார் வாயையெல்லாம் பிளக்க வைக்கிறவர், தானே வாயைப் பிளந்தார்.

மனைவிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அப்போ விட்டுப்போனதெல்லாம் உங்க பக்கங்கள்லதான் இருக்கும். சொல்லுங்க, அந்தக் கொலையைப் பண்ணது யாரு?"

"எந்தக் கொலை?" என்றார் டாக்டர்.