நாற்பத்தோராவது படம்

"நாற்பத்தோராவது படத்துல தப்பா எழுதியிருக்கீங்க சார்" என்றார் ஞானசௌந்தரி டீச்சர்.

பிறவியிலேயே கண் தெரியாதவர், படத்தில் தப்புக் கண்டுபிடிக்கிறார். எனக்குச் சிரிப்புதான் வந்தது.

காரைக்காலில் என் போட்டோ ஸ்டூடியோவுக்கு ஒரு வெப்சைட் உண்டு. பிரான்ஸில் இருக்கும் நம்மூர்க்காரர்கள் அதைப் பார்த்துத்தான் கல்யாணத்துக்கு புக் செய்வார்கள். கண் தெரியாதவர்களும் பயன்படுத்துகிற மாதிரி மாற்றினால்தான் ஆர்டர் என்று ஒரு பெரிய பார்ட்டி சொல்லிவிட்டது. சோதித்துப் பார்க்கத்தான் டீச்சரை வரவழைத்திருந்தேன்.

ஒவ்வொரு படத்திலும் என்ன இருக்கிறது என்று எழுதி வைக்க வேண்டும். கம்ப்யூட்டர் அதை வாசித்துக் காட்டும். இருநூறு படத்துக்கு யார் உட்கார்ந்து எழுதுவது? 'மணமக்கள் சிரிக்கிறார்கள்' என்று ஒன்றை எழுதி, இருநூறுக்கும் அதையே ஒட்டிவிட்டேன்.

"என்ன தப்பு டீச்சர்?"

"அதுல பொண்ணு அழுதுகிட்டு இருந்தா. மேல பேரு போட்டிருக்கீங்களே... மணிபாரதி, ஞானசௌந்தரி, கோட்டுச்சேரின்னு."

முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. பத்து வருஷத்துக்கு முன் எங்கள் ஸ்டூடியோ ஆள் யாரோ எடுத்த டீச்சரின் கல்யாணப் படம். மேடை அலங்காரத்துக்காகப் போட்டிருந்தேன். முகங்களை நான் பார்க்கவே இல்லை.

"எங்க வீட்டுக்காரரு போயிச் சேந்து ரெண்டு வருஷம் ஆச்சு. அன்னிக்கு சிரிச்சுக்கிட்டேதான் இருந்தேன்னு சொல்லுவாரு. பாத்து, உள்ளது உள்ளபடி எழுதுங்க சார்."

படத்தைப் பெரிதாக்கினேன்.

மாப்பிள்ளை சிரிக்கவில்லை.

பழைய வரியே இருந்துவிட்டுப் போகட்டும் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். எதிரே டீச்சர் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். மனசு கேட்கவில்லை. கண்டதை அப்படியே அடித்தேன்.

கம்ப்யூட்டர் ஏற்ற இறக்கம் இல்லாமல் வாசித்தது. 'மணமகள் அழுகிறார். மணமகன் சிரிக்கவில்லை. மேடைக்குக் கீழே யாரையோ முறைத்துப் பார்க்கிறார்.'

டீச்சர் அதைத் திரும்ப வாசிக்க வைத்தார். பிறகு இன்னொரு முறை. இந்த அம்மாவுக்கு மிச்சமிருந்த ஒரு நிம்மதியையும் கெடுத்துவிட்டேனே என்று எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

"தாலி கட்டி முடிச்சதும் கீழேருந்து ஒரு பொம்பள, 'பாவம், இந்தப் பையனுக்கா இப்படி'ன்னா சார்" என்றார். "உங்க காதுல விழுந்துச்சான்னு எத்தனையோ வாட்டி அவருகிட்ட கேட்டிருக்கேன். இல்லவே இல்லைன்னாரு."