கருவேங்கையின் படை

"மேல வாசலை நான் உடைக்கிறேன். நீங்க எல்லாரும் பின்னாலயே வந்துடுங்க. ஒருத்தனும் தப்பக் கூடாது."

செம்மொழி போனில் இப்படிச் சொன்னதைக் கேட்டதும், அரிசி களைந்துகொண்டிருந்த அம்சத்தின் கை நின்றுபோனது.

"யாரைடி வெட்டப் போற?"

"பூதத்தைம்மா. இன்னிக்கு சாயங்காலம் 'ஏழாம் கோட்டை' ரெண்டாம் பாகம் வருது."

அம்சத்துக்கு மூச்சு வந்தது. கும்பகோணத்துக் கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் நடத்தும் மகள், இந்த விளையாட்டுக்காக லீவு போட்டிருந்தாள். பல ஊர்க்காரர்கள் நெட்டில் சேர்ந்து ஆடும் மாயாஜாலப் போர் அது. முதல் பாகத்தில் அவள் 'கருவேங்கை' என்ற பெயரில் ஒரு படைக்கே தலைவி. அடுத்த பாகத்துக்காக வருஷக்கணக்கில் காத்திருந்தாள்.

படையில் யாரும் யாரையும் பார்த்ததில்லை. குரல் மட்டும்தான் பழக்கம். ஆனால் புதுப் பாகத்துக்கு முன்கூட்டியே பதிவு செய்யும்போது தலைவர் தன்னைப் பற்றி எழுத வேண்டும், எல்லாரும் படிப்பார்கள். போன மாசம் செம்மொழி தன் பெயரையும் அப்பா ஐயாவு பெயரையும் ஊரையும் எழுதி, 'கீழத்தெரு' என்றும் சேர்த்திருந்தாள்.

"தெருப் பேரெல்லாம் எதுக்கு தலைவரே? பார்த்துட்டு சில பேர் போயிடுவாங்க" என்றான் ஒருவன்.

"போறவங்க இன்னிக்கே போகட்டும். சண்டை நடுவுல போனாதான் கஷ்டம்."

ஏழெட்டுப் பேர் போனார்கள். அதை அவள் பொருட்படுத்தவில்லை. ஆனால் எந்தப் போரிலும் அவள் முதுகுக்குக் காவல் நிற்கும் 'வெண்கொக்கு' அன்றிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் வலித்தது.

உள்ளூரிலும் அதே வாரம் ஒரு சண்டை. ஊருக்கு வரும் நெட் கேபிள் ஊர்ப் பெரிய மனுஷர் வைரக்கண்ணுவின் தென்னந்தோப்பு வழியாகப் போனது. "என் தோப்பு வழியா கீழத்தெருவுக்கு ஒண்ணும் போகக் கூடாது" என்று அவர் அதை அறுத்துப் போட்டார். செம்மொழி தஞ்சாவூர் கலெக்டர் ஆபீஸ் வரை போய் நின்றாள். அதற்குப் பிறகு கேபிள் ரோட்டோரக் கம்பங்கள் வழியாகக் கீழத்தெருவுக்கு வந்து, அங்கிருந்து மற்ற தெருக்களுக்குப் போனது. அந்தத் தெருவைத் தொட்டு வரும் ஒயர் தன் வீட்டுக்கு வேண்டாம் என்று வைரக்கண்ணு கேபிள்காரர்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

"அவரு சும்மா விடமாட்டாரு. நாலு நாளைக்கு அடக்கமா இரு" என்று அம்சம் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

"நம்ம அடங்கினது போதும்மா."

விளையாட்டு திறக்கக் கொஞ்ச நேரமே இருந்தபோது, வாசலில் ஒரு புல்லட் வந்து நின்றது. வைரக்கண்ணுவின் மகன் சூர்யபிரகாஷ். பின் சீட்டில் கனமாக ஒரு சாக்கு மூட்டை கட்டியிருந்தது. அந்த வீட்டு வண்டி இந்தத் தெருவுக்குள் வந்து யாரும் பார்த்ததில்லை. வீட்டுக்கு வீடு ஆட்கள் வெளியே வந்து நின்றார்கள்.

அம்சம் பதறிப்போய்க் கையெடுத்துக் கும்பிட்டாள். "தம்பி, சின்னப் பொண்ணு தெரியாம..."

"நான் தெரிஞ்சுதான் போனேன்" என்று செம்மொழி வாசலுக்கு வந்து அம்மாவின் கைகளைக் கீழே இறக்கினாள். "என்ன வேணும்? கேபிளை மறுபடி அறுக்கணுமா? அறுங்க பார்ப்போம்."

அவன் சாக்கை அவிழ்த்தான். உள்ளே போர்வை சுற்றிய கம்ப்யூட்டர்.

"பேரைப் பார்த்த அன்னிக்கே எழுதியிருக்கணும் தலைவரே" என்றான். "எங்கப்பா அப்படிப் பண்ணதுக்கப்புறம் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு எழுதறது?"

ஒரே ஊரில் பிறந்தும் சூர்யபிரகாஷ் பேசி அவள் கேட்டதே இல்லை. ஆனால் இந்தக் குரலை அவளுக்குத் தெரியும். எத்தனையோ போர்களில் முதுகுக்குப் பின்னாலிருந்து கேட்ட குரல்.

"வெண்கொக்கு?"

அவன் தலையசைத்தான். தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. அதைப் பற்றிக் கவலைப்படாமல், கம்ப்யூட்டரைச் சுமந்தபடி வாசலுக்கு வெளியிலேயே நின்று கேட்டான்.

"வீட்ல நெட் இல்ல. உள்ள வரலாங்களா?"

செம்மொழி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு வழிவிட்டு ஒதுங்கி நின்றாள்.

"செருப்பை வெளிய கழட்டிட்டு வா."