தனி டேபிள்

"கேள்வி, நாளையிலருந்து நீ எங்ககூட உக்கார வேண்டாம்."

கேன்டீன் டேபிளில் எல்லார் முன்னாலும் சொன்னாள் காலர் அக்கா.

சட்டைக்குக் காலர் தைப்பதால் அவள் காலர் அக்கா. எந்நேரமும் எதையாவது கேட்டுக்கொண்டே இருப்பதால் இவள் கேள்வி. தையல் ஆலைப் பெண்களோடு பழகி, அவர்கள் வாழ்க்கையை எழுத வந்த பல்கலைக்கழக மாணவி. மாதக்கணக்கில் அவர்களோடு உட்கார்ந்து நூல் பிசிறு வெட்டியிருக்கிறாள். அவர்கள் டப்பாவிலேயே கை நனைத்திருக்கிறாள்.

"ஏன்க்கா? மேனேஜர் ரூமுக்குப் போனேனே, அதனாலயா? உங்களைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலைக்கா."

"காரணமெல்லாம் கேக்காதே. எந்திரி."

மற்றவர்கள் தலை நிமிரவில்லை.

அன்றிலிருந்து தனி டேபிள்தான். பக்கத்தில் போனாலே பேச்சு நின்றுவிடும்.

பேராசிரியர் போனில், "கள ஆய்வுன்னா இதெல்லாம் சகஜம். கிளம்பி வந்துடும்மா" என்றார்.

"என்ன தப்பு பண்ணேன்னு தெரியாம எப்படி சார் வர்றது?"

அடுத்த வாரம் ஒரு காலை, அத்தனை மெஷினும் ஒரே நேரத்தில் நின்றன. பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். வேலை நேரத்தில் பின்கதவைப் பூட்டக் கூடாது; தீப்பிடித்தால் எந்த வழியாக ஓடுவது? கேட்டது அவ்வளவுதான்.

மேனேஜர் போலீஸை அழைத்தார். இன்ஸ்பெக்டர் முதலில் கூப்பிட்டது இவளைத்தான்.

"இதை ஆரம்பிச்சது யாரு?"

"தெரியாது சார்."

"கூடவே இருந்துட்டுத் தெரியாதா? மறைச்சா உங்களையும் சேர்த்து உள்ள வைக்க வேண்டி வரும்."

"இப்ப கூட இல்லை சார். என்னை... ஒதுக்கி வச்சுட்டாங்க."

சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள்.

சூப்பர்வைசரே இடையில் வந்தார். "ஆமா சார். பாவம், கொஞ்ச நாளா தனியாத்தான் சாப்பிடுது."

இன்ஸ்பெக்டர் அவளை அனுப்பிவிட்டார்.

ஆரம்பித்தது யாரென்று கடைசிவரை தெரியவில்லை. யாருக்கும் வேலை போகவில்லை. பின்கதவுப் பூட்டையும் கழற்றிவிட்டார்கள்.

பூட்டைக் கழற்றிய அன்று மதியம் காலர் அக்கா அவள் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"கோவமா?"

"கோவமில்லக்கா. இவ்வளவு பழகியும் என்னை நம்பலையேன்னுதான். நான் காட்டிக்கொடுத்துடுவேன்னு நெனச்சுட்டீங்க இல்ல?"

காலர் அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போடி பைத்தியம். என்ன மிரட்டினாலும் நீ சொல்ல மாட்டேன்னு தெரியும். சொல்லாம நீபாட்டுக்கு ஜெயில்ல போய் உக்காந்துட்டா, உங்கம்மாவுக்கு யாருடி பதில் சொல்றது?"